கொலுவுக்கு வந்த ஐந்து படிகள்

நேற்று நிரப்பிய பள்ளம் இன்று மறுபடியும் பள்ளமாக இருந்தது.

சத்யப்ரியா பின்பக்க வராந்தாவில் குந்தி உட்கார்ந்து கீழ்ப்படியின் நடுவை விரலால் தடவிப் பார்த்தாள். மரத்தூளையும் பசையையும் குழைத்துத் தன் கையாலேயே வைத்த மக்கு அது. ராத்திரி முழுக்கக் காய்ந்து, காலையில் நகத்தால் கீறினால்கூடத் தடம் விழாத அளவுக்கு இறுகியிருந்தது. கீறிப் பார்த்துவிட்டுத்தான் அவள் சமையலுக்கே போனாள். இப்போது மத்தியானம் மூன்று மணி. மக்கு அதே இறுக்கத்தோடுதான் இருந்தது, ஒரு விரிசல் கிடையாது. ஆனால் நடுவில் ஒரு சாண் நீளத்துக்குக் குழிந்திருந்தது, ஈரமாக இருந்தபோதே யாரோ மிதித்துவிட்டுப் போன மாதிரி.

கல்கத்தாவில் எது நடந்தாலும் பழியை ஈரத்தின் தலையில் கட்டிவிடலாம். அப்பளம் நமுத்தால் ஈரம், ஜன்னல் மூட வராவிட்டால் ஈரம், மனிதருக்கு மூட்டு வலித்தாலும் ஈரம். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த சத்யப்ரியாவுக்கும் அதுதான் முதலில் வாயில் வந்தது. "ஈரம்தான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி மக்கு குழைத்தாள். மறுநாளும் குழிந்தது. மறுநாளும் நிரப்பினாள். அப்படி விட்டுக்கொடுக்கிற ஜாதி இல்லை அவள்.

பவானிபூரில் அவர்கள் குடியிருந்த அந்த முதல் மாடி வீட்டில், கடையிலிருந்து புத்தம் புதுசாக வந்த சாமான் என்று தேடினால் ஃபிரிட்ஜும் கேஸ் அடுப்பும்தான் கிடைக்கும். மற்றதெல்லாம் வேறு யாரோ வீட்டில் வாழ்ந்துவிட்டு வந்தவை. ஏலத்தில் எடுத்த வட்ட மேஜை, கம்பி வலைக் கதவு போட்ட பழைய பலகார அலமாரி, ரசம் போன கண்ணாடி. ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் கரியாஹாட்டில் புடவை புரட்டுகிற நேரத்தில் இவள் உப்புத்தாளும் ஸ்பிரிட்டுமாக உட்கார்ந்திருப்பாள். "நம்ம வீட்டுல நான் ஒருத்தன்தான் செகண்ட் ஹாண்ட் இல்ல" என்று மாதவ் சொல்வான். அவள் கணவன், பாங்க் ஆபீசர், சொன்ன ஜோக்கையே சொல்லிக்கொண்டிருப்பவன்.

எல்லாவற்றிலும் அவளுக்குப் பெருமை உள் அறைக் கட்டில்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் வாங்கியது. பர்மா தேக்கு, கருகின பாலிஷ், தரையிலிருந்து மார்பு உயரம். இதில் ஏறத் தீயணைப்புக்காரர்களைத்தான் கூப்பிட வேண்டும் என்று மாதவ் சிரித்தான். ஆசாரியை வைத்து நான்கு காலிலும் ஒன்றரை அடி அறுத்துத் தள்ளி, மூன்று வாரம் மாறி மாறி அரக்கு பாலிஷ் போட்டு, மூன்று பேரும் தாராளமாகப் படுக்கிற கட்டிலாக்கிவிட்டாள். அறுத்த கால் துண்டுகள் வராந்தாவில் பூந்தொட்டிகளைத் தாங்கிக்கொண்டிருந்தன. ஒரே ஒரு குறை. தலைமாட்டு இடது காலின் பொருத்து, மாதவ் மாதிரி கனமானவர் ஏறிப் படுத்தால் மட்டும் நீளமாக முனகும். ஏழு வயது மது அதன்மேல் குதித்தாலும் வாய் திறக்காது.

அந்த மதுவுக்குத்தான் போன மாதம் டெங்கு வந்தது. மூன்றாம் நாள் பிளேட்லெட் பதினெட்டாயிரத்துக்கு இறங்கி, டாக்டர் முகத்தைப் பார்க்காமல் பேச ஆரம்பித்தபோது, சத்யப்ரியா நர்சிங் ஹோம் வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று வேண்டிக்கொண்டாள். "அம்மா, இவளை எங்கிட்ட திருப்பிக் கொடுத்துடு. இந்த வருஷம் அஞ்சு படி வெக்கறேன். ஒம்பது நாளும் ஒரு குறை வராம வெக்கறேன்." அதுவரை டிரங்குப் பெட்டிகளை அடுக்கி மூன்று படியோடு ஒப்பேற்றிக்கொண்டிருந்தவள். மறுநாள் காலை எண்ணிக்கை ஏறியது. ஐந்தாம் நாள் குழந்தை வீட்டுக்கு வந்தாள், பாதி எடையோடு.

அதனால்தான் அவள் காளிகாட் சந்தில் இருக்கும் சைதன்ய பாபுவின் பழைய சாமான் கடைக்குப் போனாள். கட்டிலும் அங்கே வாங்கியதுதான். பின்னால், உடைந்த நாற்காலிகளுக்கு அடியில், ஐந்து படி வைத்த மர அடுக்கு ஒன்று கிடந்தது. மூன்றரை அடி அகலம், கனத்த தேக்கு. கொலுவுக்கென்றே செய்த மாதிரி இருந்தது. ஏதோ பெரிய வீட்டுப் பூஜை அறைச் சாமான் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். வழக்கம் போலப் பாதி விலைக்குக் கேட்டாள். வழக்கம் போல அரை மணி நேரம் மல்லுக்கு நிற்காமல், கிழவர் தலையை ஆட்டிவிட்டார்.

"உங்ககிட்டயே போறது நல்லதுதாம்மா" என்றார் வங்காளியில்.

தன் கைவேலையைப் பாராட்டுகிறார் என்று நினைத்து அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

பத்து மத்தியானம் அந்தப் படிகளோடு போயிற்று. மேலே பச்சைப் பெயிண்ட், அதற்குக் கீழே வெள்ளை, அதற்கும் கீழே கறுத்த பாலிஷ். சுரண்டச் சுரண்ட, தேக்கு வாசனைக்குப் பதில் வேறொன்று வந்தது: கற்பூரத் தைலமும், நாள்பட்ட படுக்கைத் துணியும், எங்கோ ஓரத்தில் மூத்திர நெடியும் கலந்த ஒரு வாடை. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் போகும், உலர்ந்ததும் வரும். பழைய மரத்தோடு பழகினவர்களுக்குத் தேய்மானத்தைப் பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும். ஐந்து படியிலும் மூன்று இடத்தில் தேய்மானம் இருந்தது. இரண்டு ஓரங்களிலும் செருப்புக் கால்கள் உரசிய கோடுகள். நடுவில், வெறுங்கால் மிதித்து மிதித்து வழவழவென்று குழிந்த பள்ளம். மூன்று பேர் சேர்ந்து ஏறியிருக்கிறார்கள், நடுவில் இருந்தவர் மட்டும் வெறுங்காலோடு. புதுப் பெண்ணை இரண்டு பக்கமும் பிடித்து அழைத்துப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பு அவளுக்குப் பிடித்திருந்தது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஏறும்போது கால்விரல் இடிக்கிற வடு, படிகளுக்கு நடுவே நிற்கும் பலகையில் நிறைய இருந்தது. இறங்கும்போது குதிகால் உரசுகிற தடம் ஓரங்களில் மட்டும்தான் இருந்தது. நடுவில் ஒன்றுகூட இல்லை. இறங்காதவர் மறுநாள் எப்படி ஏறினார்? அதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிட்டது, எழுந்து ஓடினாள்.

மகாளய அமாவாசைக்கு மறுநாள் கொலு வைத்தாள். கூடத்துச் சுவரை ஒட்டிப் படிகளை நிறுத்தினார்கள். அந்தச் சுவருக்கு மறுபக்கம்தான் உள் அறை, சுவரில் தலைமாடு இடிக்கிற மாதிரி கட்டில். மது அங்கே படுத்தபடியே, "செட்டியார் கீழ, மா! தசாவதாரம் நடுப் படி!" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள். வெள்ளை வேஷ்டி விரித்து, கீழே செட்டியாரும் செட்டிச்சியும், அதற்கு மேல் கல்யாண செட், நடுவில் தசாவதாரம், நான்காவதில் அஷ்டலக்ஷ்மி, உச்சிப் படியில் கலசமும் மரப்பாச்சி ஜோடியும். பார்க்கக் கண் நிறைந்திருந்தது. குழந்தை பிழைத்துவிட்டாள், வேண்டுதலும் நிறைவேறுகிறது என்று சத்யப்ரியா அன்று நிம்மதியாக அழுதாள்.

நான்கு நாள் ஒன்றும் இல்லை.

ஐந்தாம் நாள், பஞ்சமி. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இந்த ஊர் இரண்டு மணி நேரம் அப்படியே கண்ணயர்ந்துவிடும். கடைகள் பாதிக் கதவு சாத்தியிருக்கும், ரிக்‌ஷாக்காரன் வண்டியிலேயே சுருண்டிருப்பான், துர்கா பூஜைப் பந்தலில் மூங்கில் கட்டுகிறவர்கள்கூட உச்சாணியில் உட்கார்ந்தபடி தூங்குவார்கள். அந்த அமைதியில், சமையலறையில் சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்த அவளுக்குக் கூடத்தில் ஒரு சத்தம் கேட்டது.

மரம் காயும்போது சடக்கென்று வெடிக்கும். அந்தச் சத்தம் அவளுக்கு அத்துப்படி. இது அது இல்லை. பொருத்துகள் பாரத்தை வாங்கிக்கொள்ளும்போது அடங்கி வருகிற சத்தம் இது.

போய்ப் பார்த்தபோது கூடத்தில் யாரும் இல்லை. கீழ்ப்படியில் செட்டியாரும் செட்டிச்சியும் ஆளுக்கொரு பக்கமாக நகர்ந்திருந்தார்கள், நடுவில் ஒரு கால் வைக்கிற அளவுக்கு இடம் விட்டு. ஒரு பொம்மைகூட விழவில்லை. அந்த இடத்தில் வேஷ்டியின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். துணிக்கு அடியில் மக்கு குழிந்திருந்தது.

மறுநாள் சஷ்டி. தெருப் பந்தலில் அம்மன் முகம் திறந்து டாக் மேளம் ஆரம்பித்த அன்று, மத்தியானம் அதே நேரத்துக்குக் கல்யாண செட்டில் மாப்பிள்ளை ஒரு பக்கமும் பெண் ஒரு பக்கமுமாக விலகி நின்றார்கள். சாயங்காலம் மதுவுக்கு லேசாக உடம்பு சுட்டது. பலவீனம்தான், ரத்தத்தில் ஒன்றுமில்லை, கட்டிலை விட்டு இறங்காமல் இருக்கட்டும் என்று டாக்டர் ஃபோனில் சொன்னார்.

சப்தமி மத்தியானம் தசாவதாரம் இரண்டாகப் பிரிந்தது. அன்று சாயங்காலம் கீழ் வீட்டு ரஞ்சனா பௌதி, சத்யப்ரியா அண்ணி முறை வைத்துக் கூப்பிடும் வங்காளி, வெற்றிலை பாக்குக்கு வந்தாள். சுண்டலைச் சாப்பிட்டுக்கொண்டே, வேஷ்டி ஓரத்தை விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"என்ன சத்யா, கட்டில் சிடியில போயி சாமி வெச்சிருக்கே?"

"கட்டில் சிடியா? கட்டிலுக்கு எதுக்குப் படி?"

"ஆமா. அந்தக் காலத்து ஜமீன் வீட்டுக் கட்டிலெல்லாம் ஆள் உயரம் இருக்குமே. ஏறிப் படுக்க சிடி வெச்சிருப்பாங்க. எங்க அம்மா பொறந்த வீட்டுல மூணு படி இருந்தது. இது அஞ்சா? அடேயப்பா." பௌதி இன்னொரு வாய் போட்டுக்கொண்டாள். "கட்டில் எங்கே?"

"கட்டில் இல்ல பௌதி, இது மட்டும்தான் இருந்தது."

"சிடி தனியா வந்து என்ன பண்ணும்?" என்று சிரித்தவள், கொஞ்சம் குரலைத் தாழ்த்தினாள். "எங்க அம்மாவோட அந்த வீட்டுல ஒரு பெரியம்மாவுக்குப் புத்தி சரியில்ல. தினமும் ரெண்டு பேர் பிடிச்சு ஏத்திப் படுக்க வெச்சிட்டு, சிடியை இழுத்து வெளியில போட்டுடுவாங்க. இறங்கக் கூடாதுன்னு. குதிச்சா எலும்பு முறியுமே, பயந்துகிட்டு அவளும் அப்படியே கிடப்பா. காலையில வேலைக்காரன் தூக்கி இறக்குவான். பாவம், கடைசியில ஒருநாள் காலையில சிடியும் வரல, ஆளும் வரல, எல்லாரும் ஏதோ கல்யாணத்துக்குப் போயிட்டாங்க. வந்து பார்த்தா உயிரில்ல."

ஓரத்துச் செருப்புக் கால்கள். நடுவில் வெறுங்கால். சத்யப்ரியா வேஷ்டி ஓரத்தை இழுத்துக் கீழே விட்டாள்.

பௌதி போன பிறகு மதுவுக்குக் கஞ்சி கொடுக்க உள்ளே போனாள். குழந்தை சுவரோரமாக ஒடுங்கிப் படுத்திருந்தாள். இத்தனை பெரிய கட்டிலில் நட்டநடுவில் கையையும் காலையும் பரப்பிக்கொண்டு படுக்கிறவள் அவள்.

"மா, மத்யானம் படில யாரு ஏறறா?"

"யாரும் ஏறலடா கண்ணா."

"ஏறறாளே. சுவருக்கு அந்தண்ட மூச்சு வாங்கறது. ஒரு படி ஏறிட்டு நின்னுடறா. முட்டி வலிக்கறது போலருக்கு." கஞ்சியை விழுங்கினாள். "பேஷ் ஆஸ்தே ஆஸ்தே ஏறறா."

மெள்ள மெள்ள ஏறுகிறாளாம். சத்யப்ரியா அடுத்த ஸ்பூனை அவள் வாயில் வைத்துப் பேச்சை அடைத்தாள்.

அஷ்டமி அன்று அஷ்டலக்ஷ்மிகள் நான்கு நான்காகப் பிரிந்து நின்றார்கள். கற்பூரத் தைல வாடை இப்போது சாம்பிராணிக்கு மேலே வந்தது. மாதவிடம் சொல்லிவிட்டாள். அவன் சிரிக்கவில்லை, அதுவே பெரிசு. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தான்.

"பந்தல்ல அத்தனை பெரிய ஸ்பீக்கர் வெச்சிருக்கான் சத்யா. அதிர்வுல பொம்மை நகரும்."

"மத்யானம் ஸ்பீக்கர் கிடையாது."

"சரி, உனக்கு மனசு கேக்கலேன்னா எடுத்துடலாம். இப்பவே எடுத்துடறேன். பொம்மையெல்லாம் தரையில வெச்சுக்கோ."

எழுந்தும் விட்டான். அவள்தான் கையைப் பிடித்துத் தடுத்தாள். கலசம் வைத்தாயிற்று. தசமிக்கு முன்னால் கொலுவைக் கலைப்பது என்பதை அவளால் நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை. அதுவும் குழந்தை உயிருக்காக வேண்டிக்கொண்ட கொலு. ஒன்பது நாளும் ஒரு குறை வராமல் என்று சொன்னது அவள் வாய். இன்னும் இரண்டு நாள். கொடுத்தவள் திருப்பி எடுத்துக்கொண்டால்?

"வேண்டாம் மாதவ். நான் வேண்டிண்டது. தசமி ஆகட்டும், அன்னிக்கே தூக்கி அந்தக் கிழவர் கடையில போட்டுடலாம்."

சைதன்ய பாபுவுக்கு ஏழு தடவை ஃபோன் போட்டாள். பூஜைக்கு ஊருக்குப் போயிருப்பார் போல, எடுக்கவே இல்லை. மதுவை மட்டும் படிகளுக்குப் பக்கத்தில் விடக்கூடாது என்று முடிவு செய்தாள். படிகள் கூடத்தில் இருக்கின்றன, கட்டில் உள் அறையில் இருக்கிறது, நடுவில் கல்லும் சுண்ணாம்பும் போட்ட சுவர் இருக்கிறது. வீட்டிலேயே பத்திரமான இடம் அந்தக் கட்டில்தான்.

"கட்டிலை விட்டு இறங்கப்படாது. புரிஞ்சுதா?" என்று குழந்தையிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுக் கதவை வெளியே தாழிட்டாள்.

நவமி. சரஸ்வதி பூஜை. மாதவ் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தான், கூடத்து சோபாவிலேயே. அவள் துணைக்காகத்தான் அங்கே படுத்தான், படுத்த ஐந்தாம் நிமிஷம் குறட்டை. சத்யப்ரியா படிகளுக்கு எதிரே பாயில் உட்கார்ந்தாள். இன்று பார்த்துவிடுவது. ஈரமா, எலியா, ஸ்பீக்கரா, தன் மண்டையா, ஏதோ ஒன்று இன்று தெரிந்துவிடும்.

இரண்டு மணி. டாக் மேளம் நின்றது. காற்றாடி சுழன்றது. எதிர்வீட்டுக் காக்கை ஒரு தடவை கத்திவிட்டு ஓய்ந்தது.

இரண்டே கால். கற்பூரத் தைலம்.

முதலில் கீழ்ப்படி சத்தம் போட்டது. பாரம் வாங்கிய சத்தம். பிறகு இரண்டாவது. நடுவில் ஓர் இடைவெளி, யாரோ மூச்சு வாங்கிக்கொள்கிற அளவுக்கு. பிறகு மூன்றாவது.

கண்ணை இமைக்கவில்லை அவள்.

நான்காவது.

உச்சிப் படியில், கலசத்துக்கும் மரப்பாச்சிகளுக்கும் நடுவே, வேஷ்டி தாழ்ந்தது. பட்டென்று இல்லை. மெதுவாக. முதலில் விரல்கள் பதிகிற இடம். பிறகு குதிகால். ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தன. மரப்பாச்சி ஜோடி இடப்பக்கம் சாய்ந்து, நகர்ந்து, நேராக நின்றது. கலசம் தேங்காயோடு வலப்பக்கம் ஒரு சாண் போயிற்று. வடக்கே. கலசத்தை வடக்கே நகர்த்துவது தசமியன்று அவள் செய்ய வேண்டிய வேலை.

அவளுக்குக் கத்த வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மது இருமினாள். வேஷ்டியில் பதிந்த தடம், அந்தச் சத்தம் வந்த திசைக்கு, லேசாகத் திரும்பியது.

மாதவ் எழுந்தபோது எல்லாம் அப்படியே இருந்தது, கீழிருந்து உச்சிவரை பொம்மைகள் இரண்டு பக்கமும் ஒதுங்கி நடுவில் வழி விட்டு. அவனும் அதைப் பார்த்தான். "நாளைக்கு சாயங்காலம் வரைக்கும்தானே" என்றான் கடைசியில். அன்றிரவு மதுவுக்கு இரண்டு பக்கமும் இருவரும் விழித்தே படுத்திருந்தார்கள். கட்டில் மாதவின் பாரத்துக்கு முனகியதைத் தவிர ஒரு சத்தமும் இல்லை.

தசமி. ஆற்றில் கரைக்க அம்மனை லாரியில் ஏற்ற ஆள் போதவில்லை என்று பந்தல் கமிட்டியிலிருந்து நான்கு பேர் வந்து மாதவை இழுத்துக்கொண்டு போனார்கள். அரை மணியில் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனான். வந்ததும் படிகளைத் தூக்க ஒரு வண்டியும் பிடித்து வருவான். மது தூங்கிக்கொண்டிருந்தாள், நெற்றி சுடவில்லை. ஐந்து நாளில் முதல் தடவையாக ஜுரம் இல்லை. சத்யப்ரியாவுக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. கதவைத் தாழிட்டுவிட்டு வந்தாள்.

சாயங்கால ஆரத்திக்குப் பிறகு ஒரு பொம்மையைப் படுக்க வைத்துக் கொலுவை முடிப்பது வழக்கம். அதுவரை பொறுக்க அவளால் முடியவில்லை. மணி நான்கு, நான்கும் சாயங்காலம்தான் என்று மனசைச் சமாதானம் பண்ணிக்கொண்டு கற்பூரம் காட்டினாள். உச்சிப் படியின் முன்னால் கை நீட்டி, மரப்பாச்சியை எடுத்துப் படியின் நடுவில், அந்தக் குழிவிலேயே, மல்லாக்கப் படுக்க வைத்தாள். வேறு இடம் இல்லை. சின்ன வயதிலிருந்து அவள் வீட்டில் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தை, நினைக்காமலே வாயில் வந்தது.

"ஒம்பது நாள் நின்னாச்சு. கால் வலிச்சிருக்கும். போய்ப் படுத்துக்கோம்மா."

கற்பூரம் அணைந்தது.

உச்சிப் படி ஒரு தரம் முனகி, பாரம் இறங்கி, லேசாயிற்று. வாடை போய்விட்டது. இத்தனை நாள் கழித்துக் கூடத்தில் தேக்கு வாசனை வந்தது. முடிந்தது என்று நினைத்தாள். கண்ணில் நீர் கட்டியது.

ஃபோன் அடித்தது. சைதன்ய பாபு.

"இப்பதான் ஊர்லேர்ந்து வந்தேம்மா. உங்க நம்பர் ஏழு தடவை இருக்கு. இன்னும் அம்மன் தண்ணிக்குப் போகல, விஜயதசமி பிஜோயா வாழ்த்து அப்புறம் சொல்றேன். என்ன விஷயம்?"

"அந்த சிடியைத் திருப்பி எடுத்துக்கோங்க, பாபு. காசு வேண்டாம். இன்னிக்கே அனுப்பறேன்."

"எடுத்துக்கறேன், அதுக்கென்ன. ஆனா ஏம்மா பிரிக்கறீங்க? மூணு வருஷமா ஜோடி பிரிஞ்சு கிடந்தது. நீங்களே வந்து கேட்டதும் சந்தோஷப்பட்டேனே நான்."

"எதோட ஜோடி?"

"கட்டிலோட. அந்தக் கட்டிலைத்தான் நீங்க வாங்கிட்டுப் போனீங்களே."

கீழே தெருவில் லாரி உறுமியது. டாக் மேளம் ஒரே சமயத்தில் பத்துப் பதினைந்து கிளம்பியது. அத்தனை சத்தத்துக்கு நடுவிலும், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. தலைமாட்டு இடது கால். நீளமான முனகல். மதுவின் எடைக்கு வாய் திறக்காத பொருத்து.

பிறகு மதுவின் குரல். வங்காளியில், பெரியவர்களிடம் பேசுகிற மரியாதையோடு, தூக்கக் கலக்கத்தில்.

"இருங்க, நான் நகர்ந்துக்கறேன். இந்தப் பக்கம் படுங்க."

ஓடினாள். தாழ்ப்பாள் வரவில்லை. ஈரத்தில் இறுகியிருந்தது. அவள் போட்ட தாழ்ப்பாள்தான். இரண்டு கையாலும் இழுத்தாள். விரல் நகம் பெயர்ந்தது. "மது! இறங்குடி! கட்டிலை விட்டு இறங்கு!" பதில் இல்லை. இழுத்தாள். வந்தது.

ஜன்னல் வழியாக நான்கு மணி வெயில் கட்டிலின் மேல் விழுந்திருந்தது. கற்பூரத் தைலம். அறை முழுக்க. மது சுவரோரம் ஒருக்களித்துக் கிடந்தாள், முகம் நடுப்பக்கம் பார்த்து. கட்டிலின் நடுவில் மெத்தை அமுங்கியிருந்தது. தலையணை குழிந்திருந்தது. நீளமாக, கனமாக, மல்லாந்து படுத்த ஓர் உடம்பின் அளவுக்கு. அந்தக் குழிவின் மேல் மதுவின் வலது கை நீண்டிருந்தது, தினமும் அம்மாவின் மேல் போட்டுக்கொண்டு தூங்குவாளே, அதே மாதிரி. மெத்தைக்கு முக்கால் அடி உயரத்தில், வெறும் காற்றில், ஏதோ ஒன்றின்மேல் படிந்து கிடந்தது.

அந்தச் சின்னக் கை மெதுவாக மேலே எழும்பியது. தாழ்ந்தது. மறுபடியும் எழும்பியது.

மதுவின் மார்பு அசையவில்லை.